காட்டுக் கேரட்டை அடையாளம் காண்பது எப்படி? பூவுக்கு அடியிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

கோடைக்காலத்தின் நடுப்பகுதியில் வட அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் தென்கிழக்குப் பகுதிகளிலும் நெடுஞ்சாலை ஓரங்கள், புல்வெளிகள், உழாமல் விடப்பட்ட வயல்கள், ரயில் பாதைச் சரிவுகள் என எங்கு பார்த்தாலும் இடுப்பளவு உயரத்தில் தட்டையான வெள்ளைப் பூத்தட்டுகளை ஏந்தி நிற்கும் செடி ஒன்றைக் காணலாம். அதுவே காட்டுக் கேரட். அங்குள்ளவர்கள் அதைக் ‘குயின் ஆன்ஸ் லேஸ்’ என்று அழைக்கிறார்கள். 1753இல் லின்னேயஸ் அதற்கு வைத்த அறிவியல் பெயர் டாக்கஸ் கரோட்டா. ஐரோப்பாவையும் மேற்கு, மத்திய ஆசியப் பகுதிகளையும் தாயகமாகக் கொண்ட இச்செடி, ஐரோப்பியக் குடியேறிகளுடன் கடல் கடந்து வட அமெரிக்காவுக்கு வந்து, அந்த மண்ணிலேயே பிறந்ததைப் போலப் பரவிவிட்டது. நாம் சமையலுக்கு வாங்கும் கேரட்டும் இதே இனத்தின் பயிர்வடிவம்தான். இரண்டும் அருகருகே பூத்தால் ஒன்றோடொன்று கலந்துவிடவும் கூடும்.

வெள்ளைக் குடை போலப் பூக்கும் செடிகள் எல்லாமே காட்டுக் கேரட்டாக இருந்திருந்தால் இந்த வழிகாட்டிக்கு அவசியமே இருந்திருக்காது. ஆனால் அதே சாலையோரத்தில், பல நேரங்களில் சில அடிகள் தள்ளி, ஹெம்லாக் என்னும் கொடிய நச்சுச் செடியும் வளர்கிறது. அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியதே, கி.மு. 399இல் சாக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்ட நஞ்சு அதிலிருந்து எடுக்கப்பட்டது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இரண்டு செடிகளின் பூக்களையும் மேலிருந்து மட்டும் பார்த்தால், பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே புதிதாகக் கற்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்: இச்செடியின் அடையாளம் பூவில் இல்லை; பூவுக்கு அடியிலும் தண்டிலும் காயிலுமே இருக்கிறது. கையேடுகளிலும் இணையத்திலும் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை பூத்தட்டை மேலிருந்து எடுத்த அழகான படங்களாகவே இருப்பது இந்த விஷயத்தில் பெரிய குறை என்பது என் கருத்து.

இந்த வழிகாட்டி கண்ணாலும் கேமராவாலும் அடையாளம் காண்பவர்களுக்கானது. காட்டுக் கேரட்டின் வேரையோ இலையையோ விதையையோ பறித்து உண்பதற்கு இது உதவாது. அதற்கு இதைப் பயன்படுத்தவும் கூடாது. இக்குடும்பத்தில் ஒரு தவறான கணிப்பு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

புறப்படும் முன்

கருவிகள் அதிகம் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, கேமரா உள்ள கைபேசி, ஒரு சிறிய அளவுகோல், தோட்ட வேலைக்கான கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை போதும். கையுறைக்குக் காரணம் ஹெம்லாக் மட்டுமன்று. இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றின் சாற்றில் ஃபியூரனோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. அச்சாறு தோலில் பட்ட பிறகு வெயிலும் பட்டால், அந்த இடம் சிவந்து கொப்புளம் எழும்பும். காட்டுக் கேரட்டில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு என்றாலும், அதன் உறவினச் செடிகள் சிலவற்றில் இது கடுமையான தீக்காயம் போன்ற புண்ணையே உண்டாக்கும். எந்தச் செடி என்று உறுதியாகத் தெரியும் வரை எதையும் ஒடிக்காமல், கசக்காமல், வாயில் வைக்காமல் பார்ப்பதே முறை.

குடும்பத்தின் கட்டமைப்பைப் புரிந்துகொள்ளுதல்

காட்டுக் கேரட் ஏபியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம் ஆகியவையும் இதே குடும்பத்தினவே. ஆகவே கொத்தமல்லிச் செடி பூத்து நிற்பதைப் பார்த்திருப்பவருக்கு இதன் பூக்கொத்து முற்றிலும் புதிதாக இராது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இந்தப் பெரிய குடும்பத்தில் பூக்கள் பெரும்பாலும் சிறியவை, ஐந்து இதழ் உடையவை, வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தவை. அவை தனித்தனியாக நிற்பதில்லை. தண்டின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து பல காம்புகள் குடைக் கம்பிகளைப் போல விரிகின்றன. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் மறுபடியும் ஒரு புள்ளியிலிருந்து சிறு காம்புகள் விரிந்து, அவற்றின் நுனியில் பூக்கள் அமர்கின்றன. குடைக்குள் குடையாக அமைந்த இதனைக் கூட்டுக்குடை மஞ்சரி என்பார்கள்.

பிறகு வரும் படிகள் எல்லாமே இந்த அமைப்பை வைத்துத்தான் பேசப்போகின்றன என்பதால், இரண்டு இடங்களை மட்டும் தெளிவாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய குடையின் கம்பிகள் எல்லாம் தண்டோடு சேரும் மையப்புள்ளி ஒன்று. ஒவ்வொரு சிறு குடையின் காம்புகளும் சேரும் சிறு புள்ளிகள் மற்றொன்று. பெரிய புள்ளியில் வளரும் இலை போன்ற உறுப்புகளைப் பூவடிச் செதில்கள் என்றும், சிறிய புள்ளிகளில் இருப்பவற்றைப் பூக்காம்புச் செதில்கள் என்றும் வழங்குவோம்.

முதற்படி: இடமும் பருவமும்

காட்டுக் கேரட் வெயிலை விரும்பும் செடி. வறண்ட, நீர் தேங்காத, சற்றே வளம் குன்றிய மண்ணில் நன்றாக வளரும். அடர்ந்த நிழலிலும் சதுப்பிலும் அதைக் காண்பது அரிது. கிழக்குப் பகுதிகளில் ஜூன் இறுதியில் பூக்கத் தொடங்கி செப்டம்பர் வரை, சில இடங்களில் அதற்குப் பிறகும் பூத்துக்கொண்டே இருக்கும். மே மாதத்திலேயே வெள்ளைக் குடைகள் சாலையோரத்தை நிறைத்திருந்தால் அவை பெரும்பாலும் வேறு செடிகளாகவே இருக்கும். ஹெம்லாக் பொதுவாகக் காட்டுக் கேரட்டுக்கு முன்பே பூத்து, இது முழு வீச்சில் பூக்கும் காலத்தில் காய்பிடித்து நிற்கும். ஓடைக் கரையிலோ வாய்க்காலிலோ நீரில் கால் நனைத்தபடி நிற்கும் வெள்ளைக் குடைச்செடி என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

இடமும் பருவமும் சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுமே தவிர, எதையும் முடிவு செய்யா. உயரமும் அப்படித்தான். இயல்பாக வளர்ந்த காட்டுக் கேரட் முப்பது சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரை வளரும். ஆனால் சாலைப் பராமரிப்பு இயந்திரம் வெட்டிவிட்டுப் போன பிறகு, மீண்டும் துளிர்த்து ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிடும் செடிகளும் உண்டு.

இரண்டாம் படி: இது உண்மையான குடைதானா?

பூத்தட்டைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புகின்றனவா, அல்லது தண்டின் வெவ்வேறு உயரங்களிலிருந்து கிளைத்து மேலே வந்து ஒரே மட்டத்தில் முடிகின்றனவா என்பதே கேள்வி. இரண்டாவது வகை எனில் அது ஆங்கிலத்தில் ‘யாரோ’ (yarrow) எனப்படும் அக்கீலியாவாக இருக்கலாம். அது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. தூரத்திலிருந்து வெள்ளைத் தட்டையாகத் தெரிந்தாலும், அருகில் சென்றால் அதன் ஒவ்வொரு ‘பூவும்’ பெரும்பாலும் ஐந்து வெள்ளைக் கதிர்ப்பூக்கள் சூழ்ந்த ஒரு சிறு பூத்தலை என்பது தெரியும். இந்த ஒரு கேள்வியே புதியவர்களின் குழப்பத்தில் கணிசமான பகுதியைத் தீர்த்துவிடும்.

மூன்றாம் படி: குடையின் அடிப்பக்கம்

இந்த வழிகாட்டியில் நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய படி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான். செடியை ஒடிக்காமல், கையுறை அணிந்த விரலால் பூத்தட்டை மெதுவாகச் சாய்த்து, அல்லது நீங்களே குனிந்து, கம்பிகள் சேரும் மையப்புள்ளியைப் பாருங்கள். காட்டுக் கேரட்டில் அவ்விடத்தில் ஏழிலிருந்து பதின்மூன்று வரையான பூவடிச் செதில்கள் வட்டமாகச் சூழ்ந்திருக்கும். அவை சாதாரணச் செதில்கள் அல்ல. ஒவ்வொன்றும் நீளமாக, பச்சையாக, மூன்றாகவோ அதற்கு மேலாகவோ நூல் போன்ற மெல்லிய கிளைகளாகப் பிரிந்திருக்கும். மொட்டுப் பருவத்தில் அவை மேல்நோக்கி வளைந்து மொட்டுக்கூட்டத்தை ஒரு பச்சைக் கூண்டுக்குள் வைத்திருப்பதைப் போலச் சூழ்ந்து நிற்கும். பூ விரியும்போது பக்கவாட்டில் விரிந்தும் சற்றுக் கீழ்நோக்கி வளைந்தும் நிற்கும். கைலென்ஸ் வழியாகப் பார்த்தால், செதிலின் அடிப்பகுதி சற்று அகன்று, ஓரங்கள் வெளிறிய சவ்வாக மெலிந்து, அதற்கு மேல்தான் நூல் கிளைகளாகப் பிரிவது தெரியும்.

ஹெம்லாக்கில் அதே இடத்தில் இருப்பவை சிறிய, பிளவுபடாத, முக்கோண வடிவச் செதில்கள் சில; அவை கீழ்நோக்கி மடிந்து தண்டோடு ஒட்டினாற்போல் இருக்கும். ஆங்காங்கே காணப்படும் பசு வோக்கோசு எனப்படும் ஆந்த்ரிஸ்கஸ் செடியில் பெரிய குடையின் அடியில் பொதுவாகச் செதிலே இராது. ஆகவே கிளைத்த நீண்ட செதில் வட்டம் தெளிவாகத் தெரிந்தால், ஹெம்லாக்கிலிருந்து வெகுதூரம் விலகி வந்துவிட்டோம் என்று கொள்ளலாம்.

ஆனாலும் இங்கேயே முடிவு கட்டிவிடக் கூடாது. பூங்கொத்துக்காரர்கள் விரும்பி வளர்க்கும் அமி மேஜஸ் என்னும் செடிக்கும் இதேபோல் கிளைத்த பூவடிச் செதில்கள் உண்டு. தோட்டங்களிலிருந்தும், காட்டுப்பூ விதைக் கலவைகளிலிருந்தும் அது வெளியே வந்து வளர்வதும் உண்டு. அதைப் பிரித்துக்காட்டுவது அடுத்த படி.

நான்காம் படி: தண்டில் மயிர் உண்டா?

வெளிச்சத்துக்கு எதிராகத் தண்டின் விளிம்பைப் பாருங்கள். காட்டுக் கேரட்டின் தண்டு பச்சையாக, நீளவாக்கில் மெல்லிய வரிகளுடன், விறைத்த சிறு மயிர்களால் மூடப்பட்டிருக்கும். வெயில் பின்னாலிருந்து விழும்போது இந்த மயிர்கள் தண்டின் ஓரத்தில் வெள்ளி விளிம்பு போல ஒளிரும். கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அமி மேஜஸின் தண்டு வழவழப்பானது. ஹெம்லாக்கின் தண்டும் அடிமுதல் நுனிவரை மயிரின்றி வழவழவென்று, சில நேரம் மேலே வெளிறிய மாவு பூசியதைப் போல இருக்கும். உள்ளே வெற்றிடமாக இருக்கும். ஊதா நிறத் திட்டுகளும் புள்ளிகளும் அதன்மேல் சிதறிக் கிடக்கும்.

இந்த ஊதாத் திட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெம்லாக் என்றால் ஊதாத் திட்டு என்றே பலரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். இளம் செடிகளிலும் தண்டின் மேற்பகுதியிலும் அத்திட்டுகள் மிக மங்கலாக இருக்கலாம். மறுபுறம், காட்டுக் கேரட்டின் தண்டிலும் வெயில் பட்ட பக்கத்தில் செந்நிற ஊதாச் சாயல் படர்வதுண்டு. நிறத்தைவிட மயிரே நம்பத்தக்க சான்று. தண்டின் அடிப்பகுதியையும் நடுப்பகுதியையும் இலைக்காம்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் மயிரின் அடர்த்தி செடிக்குச் செடி மாறும், குறைவான மயிருள்ள காட்டுக் கேரட்டுகளும் கண்ணில் படும். மயிர் மிகக் குறைவாக இருந்து ஐயம் எழுந்தால், மூன்றாம் படிக்குத் திரும்பிச் சென்று செதில்களை மறுபடி பார்ப்பதே சரி. இரண்டு சான்றுகளும் ஒத்துவராத செடிக்குப் பெயர் வைக்காமல் விட்டுவிடுவது அடையாளம் காணும் கலையில் ஒரு தோல்வியே அல்ல.

ஐந்தாம் படி: இலை

இலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று முறை பிரிந்து, கடைசிப் பிரிவுகள் குறுகலாக, கேரட் தழை எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். தண்டின் மேலே செல்லச் செல்ல இலைகள் சிறுக்கும். அவற்றின் அடிப்பகுதி அகன்ற உறையாகத் தண்டைத் தழுவி நிற்கும். சிக்கல் என்னவென்றால், ஹெம்லாக்கின் இலையும் நுண்ணிதாகப் பிரிந்த அழகிய இலைதான். மயிரின்மையும் மினுமினுப்பும் தவிர, இலை வடிவத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கப் புதியவர் முயலாமல் இருப்பது நல்லது.

இதே காரணத்தால் முதலாண்டுச் செடிகளை விட்டுவிடச் சொல்கிறேன். காட்டுக் கேரட் ஈராண்டுச் செடி. முதல் ஆண்டில் தரையோடு படிந்த இலைக்கொத்தாக மட்டும் இருந்து, ஆணிவேரில் உணவைச் சேமித்து, குளிர்காலத்தைக் கடந்து, இரண்டாம் ஆண்டில் தண்டு விட்டுப் பூத்துக் காய்த்து மடிந்துபோகும். ஹெம்லாக்கும் அதே வாழ்க்கைமுறை உடையதே. பூவும் தண்டும் இல்லாத அந்த முதலாண்டு இலைக்கொத்தில் நாம் இதுவரை பேசிய சான்றுகளில் பெரும்பாலானவை இல்லை. உணவுக்காகத் தோண்டி எடுப்பவர்கள் தேடுவதும் இந்த முதலாண்டு வேரைத்தான் என்பதே இதில் உள்ள பெரிய ஆபத்து.

ஆறாம் படி: பூவும் நடுவிலுள்ள கரும்புள்ளியும்

பூத்தட்டு பொதுவாக ஐந்திலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். மொட்டாக இருக்கும்போது இளஞ்சிவப்புச் சாயல் தெரிவதுண்டு. ஓரத்திலுள்ள பூக்களைக் கைலென்ஸால் பார்த்தால், வெளிப்பக்கம் நோக்கிய இதழ்கள் உட்பக்கத்து இதழ்களைவிடப் பெரிதாக இருப்பது தெரியும். தட்டின் விளிம்பு சரிகை வேலைப்பாடு செய்ததைப் போலத் தோன்றுவதற்கு அந்தச் சமமற்ற இதழ்களே காரணம்.

தட்டின் நட்டநடுவில் கருஞ்சிவப்போ கருஊதாவோ ஆன ஒற்றைப் பூ ஒன்று, சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்டவை, இருப்பதைக் காணலாம். பூச்சி ஒன்று அமர்ந்திருப்பதைப் போலத் தெரியும் இந்தக் கரும்பூ எதற்காக என்பது குறித்து நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. மற்றப் பூச்சிகளை ஈர்க்கும் போலிப் பூச்சி என்பது அவற்றுள் பரவலான விளக்கம். இந்த அடையாளம் கதைகளோடு சேர்ந்து புகழ் பெற்றுவிட்டதால், புதியவர்கள் முதலில் தேடுவதும் இதைத்தான். இதற்குத் தரப்படும் முக்கியத்துவம் மிகை என்பேன். கரும்பூ இருந்தால் அது காட்டுக் கேரட்டுக்கு நல்ல ஆதரவுச் சான்று. ஆனால் கரும்பூ இல்லாத காட்டுக் கேரட்டுகள் ஏராளம், ஒரே செடியில் ஒரு தட்டில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போவதும் உண்டு. மேலும், வேறொரு செடியின் குடை நடுவில் உண்மையாகவே ஒரு வண்டு அமர்ந்திருந்தால் அவசரக் கண்ணுக்கு அதுவும் கரும்பூவாகவே தெரியும்.

ஏழாம் படி: காய்

ஆகஸ்டு மாதத்துக்குப் பிறகு வருபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பூத்து முடிந்த குடையின் வெளிக் கம்பிகள் உள்நோக்கி வளைந்து, தட்டையாக இருந்த பூத்தட்டு ஒரு குழிந்த பறவைக்கூடாக மாறிவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது இக்கூடு இறுக மூடிக்கொள்ளும். வறண்டால் திறந்து விதைகளை விடும். பனிக்காலத்தில் தண்டிலிருந்து முறிந்து காற்றில் உருண்டோடும் கூடுகளும் உண்டு.

கூட்டினுள் இருக்கும் காய்களைக் கைலென்ஸால் பாருங்கள். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒவ்வொரு காயின் மேடுகளிலும் முட்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும். விலங்குகளின் மயிரிலும் நம் கால்சட்டையிலும் தொற்றிப் பரவுவதற்கான ஏற்பாடு அது. ஹெம்லாக்கின் காயில் முள் இல்லை. அலையலையாக நெளியும் மேடுகள் மட்டுமே உண்டு. அமி மேஜஸின் காயிலும் முள் இல்லை. டோரிலிஸ் வகைச் செடிகளின் காய்கள் மட்டும் முள்ளோடு இருந்து குழப்பும். ஆனால் அவற்றின் குடைகள் மிகச் சிறியவை, கம்பிகள் குறைவு, கிளைத்த பூவடிச் செதில்கள் கிடையாது, காய்த்த குடை கூடாகச் சுருளுவதும் இல்லை.

மணத்தைப் பற்றி

காட்டுக் கேரட்டின் இலையையோ வேரையோ கசக்கினால் கேரட் மணம் வரும் என்பதும், ஹெம்லாக்கைக் கசக்கினால் எலிப்புழுக்கை நாற்றம் போன்ற ஒன்று வரும் என்பதும் உண்மையே. ஆயினும் இதை ஒரு படியாக நான் சேர்க்கவில்லை. எது என்று தெரியாத செடியைக் கசக்கினால்தான் சோதனையே நடக்கும். அது ஹெம்லாக்காக இருந்தால் அதன் சாறு கையில் பட்டிருக்கும். மணத்தை உணர்வதும் அதற்குச் சொல் தேடுவதும் ஆளுக்கு ஆள் மாறுகிற சங்கதி. மற்றப் படிகளால் உறுதி செய்துகொண்ட பிறகு ஆர்வத்துக்காக முகர்ந்து பார்ப்பதில் தவறில்லை.

தவறவே கூடாத இரண்டு செடிகள்

முதலாவது, மேலே பல இடங்களில் வந்துபோன ஹெம்லாக், அதாவது கோனியம் மாக்குலேட்டம். நன்கு வளர்ந்தால் ஆளுயரத்தைத் தாண்டி இரண்டு மீட்டருக்கும் மேல் போகும்; ஒரே செடியில் பல கிளைகளில் பல குடைகள் விரியும். காட்டுக் கேரட்டில் நீண்ட காம்பின் நுனியில் ஒரு குடை எடுப்பாகத் தனித்து நிற்பதையே அதிகம் காண்போம். ஹெம்லாக்கின் எல்லாப் பாகங்களிலும் கோனீன் உள்ளிட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. அவை தசைகளைச் செயலிழக்கச் செய்து, கடைசியில் மூச்சையே நிறுத்திவிடும்.

இரண்டாவது நீர் ஹெம்லாக், அதாவது சிக்கூட்டா மாக்குலேட்டா. இது வெளியிலிருந்து வந்ததன்று. வட அமெரிக்காவின் சொந்தச் செடி. ஈரமான இடங்களிலும் ஓடைக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும். இதன் இலை காட்டுக் கேரட்டின் இலையைப் போல நூலாகப் பிரியாமல், வாள்பல் விளிம்புள்ள தெளிவான சிற்றிலைகளாக இருக்கும், தண்டு வழவழப்பானது, பெரிய குடையின் அடியில் செதில்கள் இராது, இருந்தாலும் ஒன்றிரண்டு மட்டுமே. இதிலுள்ள சிக்கூடாக்சின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி மிக விரைவில் வலிப்பை உண்டாக்கும். முதற்படியில் நீரோரச் செடிகளைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான்.

யாரேனும் இவற்றில் எதையாவது உண்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அறிகுறிகள் தோன்றட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1-800-222-1222, கனடாவில் 1-844-764-7669 ஆகியவை நச்சுத் தகவல் மையங்களின் எண்கள். மயக்கமோ வலிப்போ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 911ஐ அழைக்க வேண்டும். செடியின் புகைப்படமோ மிச்சமோ இருந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது உதவும்.

இவை தவிர, ராட்சத ஹாக்வீட் எனப்படும் ஹெராக்கிளியம் மான்டேகாசியானம் என்னும் செடியின் பெயர் அடிக்கடி செய்திகளில் அடிபடுவதால் பலர் காட்டுக் கேரட்டைக் கண்டும் பயந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு இடமில்லை. காகசஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த அது இரண்டு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை வளரும். இலையே ஒரு மீட்டருக்கும் மேல் அகலம் போகும். அளவை ஒருமுறை பார்த்தாலே போதும். அதன் சாறு தோலைப் புண்ணாக்குவதில் மிகக் கொடியது என்பதால் அருகில் செல்லாமல் இருப்பதே நல்லது.

பதிவு செய்தல்

களத்தில் நேரம் குறைவாக இருந்தால், படங்களை ஒழுங்காக எடுத்து வந்து வீட்டில் நிதானமாக ஒப்பிடலாம். ஒரே செடியில் முழு உருவம், பூத்தட்டின் மேற்பக்கம், அதன் அடிப்பக்கம், தண்டின் நடுப்பகுதி, தண்டின் அடிப்பகுதி, ஓர் இலை முழுவதும், கிடைத்தால் காய் என்று எடுக்க வேண்டும். அடிப்பக்கப் படம் விட்டுப்போனால் மற்ற அத்தனை படங்களும் இருந்தும் பயனில்லாமல் போகலாம். தண்டைப் படம்பிடிக்கும்போது பின்னால் கறுப்புத் துணியையோ நிழலையோ வைத்துக்கொண்டால் மயிர்கள் தெளிவாகப் பதியும். அளவுகோலை ஒரு படத்திலாவது சேர்த்து வையுங்கள். இடம், தேதி, மண்ணின் ஈரம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2008இல் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் இப்படங்களைப் பதிவேற்றினால், அனுபவசாலிகள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். செயலியே தானாகச் சொல்லும் பெயரைத் தொடக்கக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து எடுத்த ஒரு வெள்ளைக் குடைப் படத்தைக் கொடுத்தால், செதிலையும் தண்டையும் பார்க்காமலே அதுவும் ஒரு பெயரைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் மாவட்ட அளவில் இயங்கும் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்க அலுவலகங்களிலும் செடியைக் காட்டிக் கேட்கலாம்.

கண்டறிந்த பிறகு

காட்டுக் கேரட்டைப் பார்த்தவுடன் பிடுங்க வேண்டுமா என்பது இடத்தைப் பொறுத்தது. வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் இது கேடுதரும் களைகளின் பட்டியலில் உள்ளது. கேரட் விதை உற்பத்தி செய்யும் வயல்களுக்கு அருகில் இது பூத்தால் மகரந்தம் கலந்து விதையின் தரம் கெடும் என்பது அங்குள்ள முக்கியக் கவலைகளில் ஒன்று. பழைய சாலையோரத்தில் பிற களைகளோடு நிற்கும் செடியைப் பற்றி அவ்வளவு பதற வேண்டியதில்லை. கருநிறச் சிறகுள்ள ஸ்வாலோடெயில் பட்டாம்பூச்சியின் புழுக்கள் இதன் இலையைத் தின்று வளர்கின்றன. பச்சை உடலில் கறுப்புப் பட்டைகளும் மஞ்சள் புள்ளிகளும் கொண்ட அப்புழு ஒன்று தண்டில் ஊர்ந்தால், அச்செடியை அப்பருவம் முடியும் வரை விட்டுவைக்கலாம். தாயகப் புல்லினங்களை மீட்டெடுக்கும் புல்வெளியிலோ சொந்தத் தோட்டத்திலோ இது பரவுகிறது என்றால் அகற்றுவதே சரி.

அகற்றுவதற்கு ஏற்ற வேளை, மழை பெய்து மண் இளகியிருக்கும் நாள். பூத்த பின், காய் முற்றுவதற்கு முன். வெறுமனே வெட்டிவிட்டால் அடியிலிருந்து துளிர்த்து மீண்டும் பூக்கும் என்பதால், தண்டின் அடியைப் பற்றி ஆணிவேரோடு இழுக்க வேண்டும். வேர் பாதியில் அறுந்தால் குறுகிய மண்வெட்டியால் கெல்லி எடுக்கலாம். காய் பிடித்துவிட்ட கூடுகளை உரக்குழியில் போடாமல், முதலில் வெட்டி ஒரு பைக்குள் கட்டிவிட்டு, அதன் பிறகே செடியைத் தொட வேண்டும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதைக்கும். அவை மண்ணில் சில ஆண்டுகள் முளைக்கும் திறனோடு கிடக்கும். ஆகவே ஒரே கோடையில் முடிந்துவிடும் வேலை அன்று இது; அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஜூன் மாதத்தில் அதே இடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். வேலை முடிந்து கிளம்பும்போது காலுறை, கால்சட்டை விளிம்பு, காலணி நாடா, உடன் வந்த நாயின் ரோமம் ஆகியவற்றில் ஒட்டிய முட்காய்களை அங்கேயே தட்டி எடுத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள்.